வைத்தியரின் வாசலில் பிறந்த சித்திரங்கள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் பாட்டு-நாடகக் குழுவின் தோழர்கள் கூடிய மாலையில் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில், நமது குழுவுக்குப் பாட்டெழுதும் இளந்தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு குறை சொன்னார். அவர் ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர். "அண்ணே, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. விடிந்தால் மில், பொழுது சாய்ந்தால் வீடு, நடுவிலே ரேஷன் கடை. இந்தப் பிழைப்பில் பாட்டுக்கு என்ன இருக்கிறது? நாலு தேசம் பார்த்தவனுக்கல்லவா கற்பனை ஊறும்?" என்று கேட்டார்.

நாம் சட்டென்று ஒரு பதில் சொன்னோம். "மக்களிடம் போ, தம்பி. பாட்டு தானாக வரும்" என்றோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவர் எங்கே போவது? அவரே மக்கள்தானே! எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நிற்கிறவனிடம் மக்களிடம் போ என்று சொல்வது, மழையில் நிற்கிறவனிடம் போய் நனைந்து வா என்று சொன்ன கதை. அந்த அசட்டுப் பதிலுக்குப் பிராயச்சித்தமாகத்தான் இன்று ஒரு ஓவியரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1867ல் பிறந்தவர், 1945 ஏப்ரலில், யுத்தம் முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது மறைந்தவர். அவர் ராஜா ராணிகளை வரைந்தவர் அல்ல. மலையும் அருவியும் தேடிப் போனவரும் அல்ல. பெர்லின் நகரத்தில் ஒரே தெருவில், ஒரே வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தார். அந்த வீட்டு வாசலுக்கு வந்தவர்களையும், அந்த வீட்டுக்குள் நடந்ததையும்தான் வரைந்தார்.

அவர் பிறந்த ஊர் கோனிக்ஸ்பெர்க், துறைமுகப் பட்டணம். இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரோடு இருக்கிறது. தகப்பனார் சட்டம் படித்தவர். ஆனால் தமது கொள்கைக்கும் பிரஷ்ய சர்க்காருக்கும் ஒத்துவராது என்று கண்டு, கொத்து வேலை கற்று, வீடு கட்டும் மேஸ்திரி ஆனார். அந்தத் தகப்பனார் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. கேத்தேயும் தங்கையும் இஷ்டம்போல ஊர் சுற்றினார்கள். துறைமுகத்தில் தானிய மூட்டை இறக்குகிறவர்களை மணிக்கணக்கில் நின்று பார்த்தார்கள்.

பிற்காலத்தில், கிழவியான பிறகு, அந்தக் காலத்தை நினைத்து எழுதும்போது அவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தொழிலாளரை வரைய ஆரம்பித்ததற்குக் காரணம் இரக்கம் அல்லவாம். அவர்கள் அழகாக இருந்தார்களாம். வசதி படைத்தவர்களின் வாழ்க்கை அவருக்குச் சப்பென்று இருந்தது. மூட்டை சுமக்கிறவனின் நடையிலும் வீச்சிலும் ஒரு கம்பீரம் இருந்தது. அதைத்தான் வரையத் தோன்றிற்று என்கிறார்.

தோழர்களே, இதைக் கேட்டு நமக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பாட்டாளிகளின் ஓவியர் என்று பெயர் பெற்றவர், 'ஏழைகளின் துயரம் கண்டு மனம் உருகி' என்றல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்! யோசித்துப் பார்த்தபோது அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. நடவு வயலில் ஒரே சீராகக் குனிந்து நிமிரும் பெண்களின் வரிசையை வரப்பில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அறுந்த நூலை, ஓடுகிற மிஷினில், கண் இமைப்பதற்குள் பிடித்து ஒட்டுகிற விரல்களைப் பார்த்திருக்கிறீர்கள். அதை அழகு என்று நாம் ஒருநாளாவது சொன்னோமா? நம்மைப் பற்றி நாமே எழுதினால்கூட, ஐயோ பாவம் என்றுதான் எழுதுகிறோம்.

இரக்கம் அவருக்குப் பின்னால் வந்தது. எங்கிருந்து வந்தது? அடுத்த அறையிலிருந்து வந்தது.

1891ல் அவர் கார்ல் கோல்விட்ஸ் என்ற டாக்டரைக் கலியாணம் செய்துகொண்டார். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. குடும்பம் என்று ஆகிவிட்டால் மகளின் ஓவியம் அதோடு போயிற்று என்று அவர் நினைத்தார். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. அன்று ஜெர்மனியின் பெரிய ஓவியக் கல்லூரிகளில் பெண்களுக்கு இடமே கிடையாது. கேத்தே படித்ததெல்லாம் பெண்களுக்கென்று தனியாக நடந்த பள்ளிகளில்தான்.

கார்ல் ஒரு சோஷலிஸ்ட். தையல் தொழிலாளரின் நோய் நிதிக்கு, அதாவது நமது ஈ.எஸ்.ஐ. போன்ற ஒரு ஏற்பாட்டுக்கு, டாக்டராக இருந்தார். தம்பதிகள் பெர்லினில் தொழிலாளர் நெருக்கி வாழ்ந்த வட பகுதியில் குடியேறினார்கள். நாலைந்து மாடிக் கட்டடங்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாக முற்றங்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், வாடகையும் குறையும். டாக்டரின் வைத்திய அறை குடியிருந்த அதே கட்டடத்தில். வைத்தியம் பார்க்க வந்த பெண்கள் டாக்டரிடம் மருந்து வாங்கினார்கள். அப்படியே அவர் மனைவியிடம் வந்து உட்கார்ந்து பேசினார்கள். புருஷனுக்கு வேலை போன கதை, குடித்துவிட்டு அடித்த கதை, ஆறாவது பிள்ளை வயிற்றில் இருக்கிற கதை. டாக்டரிடம் சொல்ல முடியாததையெல்லாம் இந்த அம்மாளிடம் சொன்னார்கள்.

1909ல் ஒரு நாள் கண் முழுவதும் கறுத்து வீங்கிய ஒரு பெண் வந்தாள். அடித்தவன் புருஷன். அதைத் தம் நாட்குறிப்பில் எழுதும் கேத்தே, அந்த ஆளைத் திட்டுவதோடு நிறுத்தவில்லை. ஆம்பிளைக்கு வேலை போனாலும், நோய் வந்தாலும், குடி பிடித்தாலும் அவன் ஒன்று குடும்பத்தின் கழுத்தில் பாரமாகத் தொங்குகிறான், அல்லது மனம் உடைந்து போகிறான், அல்லது உயிரை விடுகிறான். எப்படியானாலும் பெண்ணுக்கு வருவது ஒரே துன்பந்தான் என்ற கருத்தை எழுதி வைக்கிறார். ஒரு கறுத்த கண்ணில் ஒரு வர்க்கத்தின் குடும்ப வாழ்க்கையையே படித்துவிட்டார்! அந்த ஆண்டுகளில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர் வரைந்த சித்திரங்களில் ஒன்று: பிள்ளைத்தாய்ச்சியான ஒரு தொழிலாளிப் பெண் டாக்டரின் கதவைத் தட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்கிறாள். அது யார் வீட்டுக் கதவு என்று நாம் சொல்ல வேண்டுமா?

இந்த அம்மாள் வேலை செய்தது எப்படிப்பட்ட வீட்டில்? இரண்டு ஆண்பிள்ளைகள், 1892ல் ஹான்ஸ், 1896ல் பீட்டர். காலையிலிருந்து நோயாளிகள் வரத்து. அவருக்கு வீட்டு வேலைக்கு உதவ ஒரு பெண் இருந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இல்லாத அந்த வசதி அவருக்கு இருந்தது. அந்தப் பெண்ணின் உழைப்பும் அந்தச் சித்திரங்களில் கலந்துதான் இருக்கிறது. ஆனாலும் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் வளர்ந்து, வீடு ஓய்ந்து, வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தபோது அவர் சந்தோஷப்படவில்லை. இப்போது மாடு மேய்கிற மாதிரி நிம்மதியாக வேலை செய்கிறேன். ஆனால் முன்பு பறித்தெடுத்த கொஞ்ச நேரத்தில்தான் அதிகம் செய்தேன், அப்போதுதான் முழு மனுஷியாக வாழ்ந்தேன் என்ற பொருளில் 1910ல் எழுதி வைத்திருக்கிறார். நேரமே இல்லை என்கிற நமது தோழர்கள் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு ஓய்வு நேரக் கோரிக்கையைக் கைவிட்டுவிட வேண்டாம்! மாடு மேய்வதற்கும் நேரம் வேண்டும்.

இனி நெசவாளர் சித்திரங்களுக்கு வருவோம். மில் தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

1844 ஜூன் மாதம், சைலீசியா என்ற பகுதியில் கைத்தறி நெசவாளர்கள் கூலி போதாமல் பசி தாங்காமல் எழுந்தார்கள். முதலாளிகளின் மாளிகைகளை உடைத்தார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, 11 பேர் மாண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கெர்ஹார்ட் ஹாப்ட்மன் என்ற ஆசிரியர் இதை நாடகமாக எழுதினார். போலீஸ் அதைப் பொது மேடையில் நடிக்கத் தடை போட்டது. ஆகவே 1893 பிப்ரவரியில் ஒரு நாடகச் சங்கம் அதன் அங்கத்தினர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டியது. கேத்தே அதைப் பார்த்தார். கையில் இருந்த வேறு வேலையை அப்படியே போட்டுவிட்டு நெசவாளர் எழுச்சியை வரையத் தொடங்கினார். ஆறு சித்திரங்கள், முடிக்கச் சுமார் நான்கு ஆண்டுகள். இடையில் கைக்குழந்தை, இடையில் இன்னொரு பிரசவம்.

எல்லாவற்றையும் செப்புத் தகட்டில் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் போட்டால், கீறின இடத்தை அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கி அச்சாகும். ஆனால் அவருக்குக் கை தேறவில்லை. செய்த தகடுகள் சரியாக வரவில்லை. உடனே என்ன செய்தார்? முதல் மூன்று சித்திரங்களைக் கல்லச்சுக்கு மாற்றினார். பின் மூன்றைத் தகட்டில் செய்தார். முதல் தரமான கலைஞர் என்று உலகம் கொண்டாடுகிற ஒருவர் தொழில் கற்றுக்கொண்டே, தவறிக்கொண்டே அந்த வேலையைச் செய்திருக்கிறார். அச்சுச் சித்திரத்தை அவர் பிடித்துக்கொண்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. தைல ஓவியம் ஒன்றேதான். பணக்காரன் வாங்கி வீட்டில் மாட்டினால் அதோடு சரி. அச்சுச் சித்திரம் பல பிரதிகள் வரும், பல கைகளுக்குப் போகும்.

முதல் சித்திரத்தில் நெசவாளியின் குடிசை. முன்னால் படுக்கையில் நோயாளிக் குழந்தை. தாய் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். பின்னால் தறி சும்மா நிற்கிறது. நாலாவதில் நெசவாளர்கள் ஊர்வலமாகப் போகிறார்கள். ஜரூராகக் கோஷம் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். களைத்தவர்கள் நடக்கிற நடை. நடுவில் ஒருத்தி, அவள் முதுகில் குழந்தை தூங்குகிறது. மறியலுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். 1844ஐ கேத்தே கண்டதில்லை. ஆனால் தூங்குகிற பிள்ளை முதுகில் எப்படிக் கனக்கும் என்பது அவருக்குத் தெரியும். கடைசிச் சித்திரத்தில் சுடப்பட்டவர்களின் உடல்களை அதே மாதிரிக் குடிசைக்குள் தூக்கி வருகிறார்கள். தறி அங்கேயே நிற்கிறது.

வேலை முடிந்ததும் அதைத் தகப்பனாரின் எழுபதாவது பிறந்த நாளுக்கு மேஜை மேல் பரப்பி வைத்தார். கலியாணத்தோடு மகளின் ஓவியம் போயிற்று என்று நினைத்த அந்தக் கிழவர், வீடு முழுவதும் ஓடி, பெண் செய்திருப்பதை வந்து பார் என்று மனைவியைக் கூப்பிட்டாராம். 1898ல் பெர்லின் பெரிய கண்காட்சியில் இச்சித்திரங்கள் வைக்கப்பட்டன. அதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார். முதுபெரும் ஓவியர் மென்ஸல் தங்கப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தார். கெய்சர் சக்கரவர்த்தி கொடுக்க மறுத்தார். 1906ல் வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தைப்போர் நிலையைக் காட்டும் கண்காட்சிக்கு இவர் போட்ட சுவரொட்டியில், தூக்கம் கெட்ட ஒரு பெண்ணின் முகம்தான் இருந்தது. அதை எடுத்தால்தான் வருவேன் என்று சக்கரவர்த்தினி சொல்லிவிட்டாள். களைத்த முகத்தைக் கண்டு எவ்வளவு பயம் பாருங்கள்!

விவசாயத் தோழர்களுக்கும் ஒன்று உண்டு. 1525ல் ஜெர்மன் விவசாயிகள் நடத்திய யுத்தத்தைப் பற்றி ஏழு சித்திரங்கள் செய்து 1908ல் முடித்தார். முதல் படத்தில் ஏர் உழுகிறார்கள். மாடு இல்லை. மனிதர்கள் கழுத்தில் வார் போட்டுக்கொண்டு, முகம் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, கலப்பையை இழுக்கிறார்கள். அடிமைத்தனம் என்றால் என்ன என்று விளக்க நாங்கள் ஒரு மணி நேரம் பேசுகிறோம். அந்த அம்மாளுக்கு ஒரு வார் போதுமானதாக இருந்தது.

இப்போது சொல்லப்போவதைச் சொல்வது கஷ்டம்.

1903ல் கேத்தே ஒரு படம் செய்தார். செத்த பிள்ளையை மடியில் போட்டு, மிருகம் போலக் கட்டிப் பிடித்து, அதன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள் ஒரு தாய். அந்தத் தெருவில் பிள்ளைகள் சாவது சாதாரணம். கேத்தே அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் வரைவதற்கு அவர் எந்தத் தாயையும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. ஏழு வயது மகன் பீட்டரைத் தம் கையில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துத் தம்மையே வரைந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகினபோது, 'கவலைப்படாதே அம்மா, நன்றாகத்தான் வரும்' என்ற மாதிரி அந்தப் பிள்ளை மழலைக் குரலில் தேறுதல் சொன்னானாம். படத்தைப் பார்த்த தோழி ஒருவர், பீட்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார். பிள்ளை சௌக்கியமாக இருந்தான்.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 1914ல் யுத்தம். பீட்டருக்குப் பதினெட்டு வயது. பட்டாளத்தில் சேர ஆசை. வயது போதாததால் தகப்பன் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். பையன் தாயைப் பார்த்தான். தாய் அவனுக்காகப் புருஷனிடம் பேசினார். சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் மாண்டான்.

தோழர்களே, அவர் இதை யார் மேலும் போட்டுத் தப்பித்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டே மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய ஆரம்பித்தார். முதலில் பையனைக் கிடத்தி, தாயையும் தகப்பனையும் பக்கத்தில் வைக்க நினைத்தார். வரவில்லை. உடைத்தார்; நிறுத்தினார்; ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டார்; திரும்பத் தொடங்கினார். 1932ல்தான் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள்! பையன் உயிரோடு இருந்த அத்தனை ஆண்டுகள். முடிந்தபோது அதில் பையன் இல்லை. கல்லில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறான், தாய் குனிந்திருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளி எதற்கு என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும். பெல்ஜியத்தில் வ்லாட்ஸ்லோ என்ற இடத்து ராணுவக் கல்லறையில் அந்தச் சிலைகள் இன்றும் இருக்கின்றன.

நமது பத்திரிகையில் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த அம்மாள் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் அல்ல. 1919 ஜனவரியில் கார்ல் லீப்னெக்ட் கொலையுண்டபோது, குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பிணவறைக்குப் போய் அந்த முகத்தை வரைந்தார். அவர் அரசியல் தமக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தொழிலாளர்கள் அவரிடம் விடைபெற்றதை வரைய ஒரு கலைஞருக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். செப்புத் தகட்டில் முயன்றார், கல்லில் முயன்றார், திருப்தி இல்லை. கடைசியில் மரத்தில் செதுக்கினார். அதில் தலைவரின் வீரப் பிரசங்கம் இல்லை. கிடக்கிற உடல்; அதன்மேல் குனிகிற தொழிலாளர்கள்; மார்பின் மேல் வைத்த ஒரு பெரிய கை. எங்களைப் போன்ற முழுநேர ஊழியர்கள் பாட்டு எழுதுகிற தோழரிடம், "நாளைக் காலை ஊர்வலம், இன்று இரவுக்குள் ஒரு பாட்டு வேண்டும், இன்னின்ன கோஷம் அதில் இருக்க வேண்டும்" என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, அவசரம் உண்மையானது. கேத்தேயும் 1924ல் பட்டினிக்கும் யுத்தத்துக்கும் எதிராக அவசரச் சுவரொட்டிகள் போட்டார். ஆனால் அந்தக் கையை வரையச் சொல்லி எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டிருக்க முடியாது.

1933ல் ஹிட்லர் வந்ததும் கலைக் கழகத்திலிருந்து அவரை வெளியேற்றினார்கள். கண்காட்சி வைக்க வழியில்லாமல் போயிற்று. ரகசியப் போலீஸ் வீட்டுக்கே வந்து மிரட்டியது. அவர் படங்களை 1936ல் ஷாங்காயில் புத்தகமாகப் போட்டவர் லூ சுன். சீனத்து இளம் செதுக்குக் கலைஞர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள். 1940ல் கார்ல் இறந்தார். 1942ல் பீட்டர் என்றே பெயர் வைத்திருந்த பேரன் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். எழுபத்தைந்து வயதை நெருங்கிய காலத்தில் அவர் செய்த கடைசிக் கல்லச்சுப் படத்தில், ஒரு கிழத் தாய் கைகளை விரித்து மூன்று பையன்களைத் தன் மேலாடைக்குள் அடக்கிப் பிடித்திருக்கிறாள். பையன்கள் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். விதைத் தானியத்தை அரைக்கக் கூடாது என்பது அதன் பெயர். நம் தாய்மார்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். 1943ல் குண்டு விழுந்து அந்தப் பெர்லின் வீடும், அதிலிருந்த ஏராளமான வேலைகளும் அழிந்தன. தெரு இருக்கிறது, இப்போது அதற்கு அவர் பெயர்.

இளந்தோழரே, நீர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர். உம் கேள்விக்கு வருவோம். போன வாரம் உம் வீட்டுக்கு வந்திருந்தோம். உம் தாயார் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ரீலிங்கில் நின்றவர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத ஒரு நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன. நீர் பக்கத்தில்தான் இருந்தீர். கவனித்தீரா?

படங்களின் பிரதிகள் சில எடுத்து வந்திருக்கிறோம். பின்னால் மேஜையில் பரப்பி இருக்கிறது. நெசவாளர் ஆறும் வரிசையாக இருக்கின்றன, கலைத்துவிட வேண்டாம். மூன்றாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.